ஜூலை 27: பதுளையில் திறந்த கதவுகள்

நூற்றாண்டு மலர் என்றால் முதல் அதிபர் யார், மண்டபம் எந்த ஆண்டில் எழுந்தது, யார் யார் பல்கலைக்கழகம் போனார்கள் என்பவை தவறாமல் இடம்பெறும். இடம்பெறவும் வேண்டும். ஆனால் எமது ஊரின் வரலாற்றில் ஒரு நாளை விட்டுவிட்டு இந்த நூறு ஆண்டுகளைச் சொல்லி முடிக்க எமக்கு மனம் வரவில்லை. அந்த நாள் 1983 ஜூலை 27, புதன்கிழமை.

இளைய பழைய மாணவிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் தமிழர் மீது தொடங்கிய வன்முறை, 25ஆம் திகதி தலைநகர் எங்கும் பரவியது. 26ஆம் திகதி கண்டியை எட்டியது. அதுவரை பதுளை அமைதியாகவே இருந்தது. 27ஆம் திகதி காலை பத்தரை மணியளவில், கடைவீதி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலளவில் கும்பல் ஒன்று கடைவீதியில் இறங்கிக் கடைகளுக்குத் தீ வைத்தது. அடுத்து வீடுகள் எரிந்தன. பிறகு அதே கும்பல் வான்களையும் பஸ்களையும் பறித்துக்கொண்டு ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று போனது. இரவாகும்போது லுணுகலையிலும் தீ.

இதை நாம் இன்றும் 'கலவரம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இரு தரப்பும் மோதிக்கொண்டால்தான் அது கலவரம். அன்று பதுளையில் ஒரு தரப்பு அடித்தது, மற்றத் தரப்பு ஓடியது. கொழும்பில் தீ மூண்டதற்கும் பதுளையில் மூண்டதற்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று நாட்கள் இருந்தன. காக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர்களுக்கு அது போதுமான அவகாசம்.

ஓடியவர்கள் யார்? நகரத்தில் கடை வைத்திருந்தவர்கள், அரச ஊழியர்கள், ஆசிரியர்கள், தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். இவர்களில் மலையக மக்களுக்கு வேறொரு பலவீனமும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்குச் சட்டம் முடிவு கண்டது 2003இல்தான். வாக்கு இல்லாதவனுக்காக வாய் திறக்க யார் வருவார்? 1977 ஓகஸ்டிலும் தோட்டங்கள் தாக்கப்பட்டு, எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. ஆகவே 1983 திடீரென்று வந்த ஒன்றல்ல.

அதே நாட்களில் நாடெங்கும் சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தமிழரை வீடுகளில் மறைத்துக் காத்தன. எமது ஊரும் அதற்கு விலக்கல்ல. நாம் அப்போது கைக்குழந்தைகள். எமக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் கேட்டவை. எம் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா, பிள்ளைகளோடு பின்வேலியால் நுழைந்து அடுத்த வீட்டுச் சிங்கள அம்மாவின் சாமான் அறையில் இரண்டு இரவுகள் இருந்திருக்கிறார். கும்பல் வந்து கேட்டபோது அந்த அம்மா வாசலில் நின்று, "அவர்கள் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள்" என்றாராம். உள்ளே குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று சீனியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார்களாம். பொய் சொல்லக் கூடாது என்று படித்த பிள்ளைகள் நாம். குற்றமில்லாத நன்மைக்காகச் சொல்லும் பொய்யை வள்ளுவர் வாய்மையின் பக்கமே வைத்தார் என்பதையும் சேர்த்தே படித்தோம். அந்த அம்மாவுக்குத் திருக்குறள் தெரியாது.

அவர் செய்தது பெரிய வீரம் என்று அவரே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லையாம். "வேறு என்ன செய்கிறது?" என்றுதான் கேட்பாராம். எமக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். தன் வீடும் எரியலாம் என்று தெரிந்தே கதவைத் திறந்தவருக்கு அது கடமையாகவே தோன்றியிருக்கிறது. கதவைத் திறக்காதவர்களும் அதே தெருவில் இருந்தார்கள். அவர்களில் அநேகர் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள்.

ஆனால் தனிமனிதரின் நல்ல மனம் மட்டும் போதாது என்பதை நாம் உயர்தர வகுப்பில் இருந்தபோது கண்டோம். 2000 ஒக்டோபர் 25 காலை, பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் மீது ஒரு கூட்டம் பாய்ந்தது. 25இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கே இருந்தும் அது தடுக்கப்படவில்லை. ஜனாதிபதி விசாரணைக் குழு வந்தது, வழக்கு நடந்தது, 2003இல் மரண தண்டனைத் தீர்ப்பும் வந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த பின், அந்தக் கொலைகளுக்காகத் தண்டனையில் ஒருவர்கூட இல்லை.

அரசின் காவலில் இருந்தவர்களைக் காப்பது அரசின் கடமை. ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 9இல் ஏற்றுக்கொண்ட இனப்படுகொலை உடன்படிக்கையின் பெயரிலேயே 'தடுத்தல்' முன்னுக்கும் 'தண்டித்தல்' பின்னுக்கும் வருகின்றன. மருத்துவத் துறையில் இருக்கும் எமக்கு இந்த ஒழுங்கு நன்றாகப் புரியும். நோய் வராமல் காப்பதுதான் முதல் வேலை. இலங்கை அந்த உடன்படிக்கையில் 1950இல் இணைந்தது. தத்தம் மக்களைக் காப்பது ஒவ்வோர் அரசின் பொறுப்பு என்று உலக நாடுகள் ஐ.நா. மாநாட்டில் மீண்டும் ஒப்புக்கொண்டது 2005இல்.

பாடசாலைப் பிள்ளைகளும் இதில் எமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கு மூன்று ஆண்டுகளின் பின், 1997 மார்ச் 18இல் நியாங்கே என்ற ஊரின் பாடசாலைக்குள் ஆயுததாரிகள் நுழைந்தனர். ஹூட்டு ஒரு பக்கம், டுட்சி ஒரு பக்கம் பிரிந்து நிற்கும்படி மாணவ மாணவியருக்குக் கட்டளை இட்டனர். "நாம் எல்லோரும் ருவாண்டா நாட்டவர்" என்று சொல்லி அந்தப் பிள்ளைகள் பிரிய மறுத்தனர். சிலர் அங்கேயே உயிர் விட்டனர். இன்று அந்நாடு அவர்களைத் தேசிய வீரர்களாக மதிக்கிறது.

இனி எம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோதும், 2018இல் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோதும், தமிழர்களாகிய எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நாம் ஒளிந்திருந்த அறையை நினைவில் வைத்திருப்பவர்கள், இன்னொருவர் ஒளிய இடம் தேடும்போது கதவைச் சாத்தினால் அந்த நினைவால் என்ன பயன்?

பழைய மாணவிகளிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. பதுளையிலும் பசறையிலும், கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அம்மாமாரையும் அக்காமாரையும் உட்காரவைத்து, அந்த வாரம் யார் கதவைத் திறந்தார்கள் என்று கேளுங்கள். சோறு தந்தவர், லொறியில் ஏற்றி விட்டவர், பொய் சொன்னவர் என எல்லோரையும், அவர்களுடைய குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லி எழுதி எமது பாடசாலை நூலகத்தில் சேருங்கள். அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அன்று நாற்பது வயதாக இருந்தவர்களில் பலர் இன்று இல்லை. அடுத்த மலர் வரும்வரை இதற்குக் காத்திருக்க முடியாது.