குடிகாரரின் சதையி

இரைப்பையின் பின்னே மறைந்து கிடக்கும் சதையியைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. நெடுநாள் மிகுகுடி அதனை இறுகச் செய்யும் எனக் கருதிய ஜேர்மானிய மருத்துவர் பிரீட்ரிக், 1878இல் அந்நிலைக்குக் 'குடிகாரரின் சதையி' எனப் பெயரிட்டார். பெயரிலே பழி இருந்தது, விளக்கம் இருக்கவில்லை.

விளக்கத்துக்கு நூற்றிருபது ஆண்டுகள் சென்றன. 1946இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த கொம்போர்ட்டும் துணைவரும், மீண்டும் மீண்டும் தோன்றும் சதையி அழற்சியை விரிவாக விவரித்தனர். பின்னர் பிரான்சின் சார்ல்ஸ், சதையியின் நுண்கான்களில் புரதம் படிந்து அடைப்பதைச் சுட்டினார். 1998இல் சிட்னியிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர் சதையியின் நட்சத்திர வடிவக் கலங்களைப் பிரித்தெடுத்தனர். மதுசாரமும், அது உடலில் மாறியுண்டாகும் அசற்றல்டிகைட்டும் உறங்கும் இக்கலங்களை எழுப்பிவிடுகின்றன. எழுந்த கலங்கள் நாரைச் சுரந்து உறுப்பைத் தழும்பாக்குகின்றன. சமிபாட்டு நொதியங்களும் இன்சுலினும் குன்றுகின்றன.

ஆயினும், மிகுதியாகக் குடிப்போரிலும் சிறுபான்மையினரையே இந்நோய் பற்றுகிறது. பரம்பரைக்கும் புகைத்தலுக்கும் இதிற் பங்குண்டு. எனவே, மதுவை விற்று இலாபம் காண்போரைக் கேள்வி கேளாது, வலியிலே துடிப்பவனை மட்டும் ஏசுதல் நீதியாகாது. விழுந்த தழும்பு பெரும்பாலும் மறைவதில்லை. மதுவையும் புகையையும் விட்டால் நோயின் வேகம் தணியும். அதற்குத் துணைநிற்பதே நம் கடமை.