கணக்கேட்டில் ஒரு மனைவி

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ படத்தில் இந்திர் அத்தை கடைசி முறையாக வீட்டுக்கு வருகிறாள். உடம்பு முடியவில்லை, இங்கேயே கிடந்துவிடுகிறேன் என்பது அவள் வேண்டுதல். வீட்டுக்காரி சர்வஜயா அசைந்து கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டதற்கும் நீயே எடுத்துக் குடி என்றுதான் பதில். கிழவி குடித்துவிட்டு, செம்பில் மிஞ்சிய நீரைத் தான் வளர்த்த செடிக்கு ஊற்றிவிட்டு எழுந்து போகிறாள். பிறகு மூங்கில் தோப்பில் குந்திய நிலையில் அவளைக் கண்டு சர்வஜயாவின் மகள் துர்கா தொட்டு உலுக்க, உடல் சாய்கிறது. பார்த்தவர்களுக்கு அது முதுமையின் துயரம், வறுமையின் கொடுமை. இரண்டும் உண்மை. ஆனால் நாதியற்றவளாக அவளை அந்தத் தோப்புவரை கொண்டுவந்து விட்டது வங்காளப் பிராமணரிடையே வேரோடியிருந்த குலீன மண வழக்கம். ஒரு வழக்கத்தின் ஆயுளை அதன் கடைசித் திருமணத்தோடு முடிந்ததாகக் கணக்கிடுகிறோம். அதன் கடைசி விதவை கண்மூடும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு இந்திர் அத்தை சாட்சி.

விபூதிபூஷண் பந்த்யோபாத்யாய் 1929இல் நூலாக வெளியிட்ட மூல நாவலில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. முதல் பகுதியின் தலைப்பே ‘பல்லாளி பலாய்’. வங்காள மன்னன் பல்லாள சேனன் விட்டுச்சென்ற பீடை என்று பொருள். கிழவிக்கு அங்கே எழுபத்தைந்து வயது. பேர்பெற்ற குலீனர் ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் எப்போதாவது வருவார். ஓரிரு இரவு தங்குவார். வழிச்செலவுக்கும் குலப்பெருமைக்கும் உரிய பணத்தை வாங்கிக்கொள்வார். கணக்கேட்டில் குறித்துவிட்டு, மூட்டை தூக்குபவனோடு அடுத்த மாமனார் வீட்டுக்கு நடையைக் கட்டுவார். கணவன் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. இத்தனையையும் நாவலாசிரியர் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். அன்றைய வங்காள வாசகருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பல்லாள சேனன் பிராமணரைத் தரம் பிரித்தான் என்பது குலநூல்கள் சொல்லும் கதை. சேனர்களின் செப்பேடுகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதால் வரலாற்றாசிரியர்கள் அதை நம்பத் தயங்குகிறார்கள். யார் தொடங்கியிருந்தாலும் விளைந்தது ஒன்றே. குலீனப் பெண்ணைச் சமமான குலத்தில்தான் கொடுக்க வேண்டும். குலீன ஆணோ கீழ்ப்படியிலும் பெண் எடுக்கலாம். ஆக, மாப்பிள்ளை அரிதானான். அரிதானதும் அவனுக்கு விலை ஏறியது. கட்டக் எனப்படும் கல்யாணத் தரகர்கள் வம்சாவளிச் சுவடிகளோடு ஊர் ஊராக அலைந்தார்கள். மணமான பெண் புகுந்த வீடு என்று எதையும் காணாமல், முதலில் அப்பன் வீட்டிலும் பிறகு அண்ணன் தம்பி தயவிலும் காலம் தள்ளினாள். குலீனர் ஒருவர் இறந்தால் ஒரே நாளில் பல வீடுகளில் பெண்கள் வெள்ளைச் சேலைக்கு மாறினார்கள். சீர்திருத்தவாதி ஈசுவரசந்திர வித்யாசாகர் 1871இல் வெளியிட்ட பலதார மண எதிர்ப்பு நூலில், ஹூக்ளி மாவட்டத்துக் குலீனர்களின் பெயர், வயது, ஊர், மண எண்ணிக்கை எல்லாவற்றையும் பட்டியலிட்டார். அதில் 55 வயதுக்காரர் ஒருவருக்கு 80 மணங்கள். அந்த எண்பது பேரில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு கூரை இருந்திருக்கும்?

வழக்கம் தானாகவே தேய்ந்து வருகிறது, சட்டம் எதற்கு என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நாவலாசிரியர் பங்கிம் சந்திரரே 1873இல் தம் ‘பங்கதர்சன்’ இதழில் வித்யாசாகரை எதிர்த்து இதைச் சொன்னார். அரசும் சட்டம் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. மணங்கள் குறைந்துவந்தன என்பது சரிதான். ஆனால் பத்து வயதில் மாலையிட்டவள் இன்னும் அறுபது எழுபது ஆண்டு உயிரோடு இருப்பாள் என்பதை அந்த வாதம் எண்ணிப் பார்க்கவில்லை. படித்த கல்கத்தா அந்த வழக்கத்தைப் பழங்கதையாகப் பேசத் தொடங்கிய பிறகும், கிராமங்களில் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் அவள் கிழிந்த சேலையோடு உட்கார்ந்திருந்தாள்.

ரே படத்தில் குலீனக் கதையைத் தொடவே இல்லையே, பிறகு ஏன் அதை இந்திர் அத்தைமேல் ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாவலில் அவள் இறக்கும்போது துர்காவின் தம்பி அப்பு கைக்குழந்தை. படத்திலோ அக்காவும் தம்பியும் சேர்ந்து அந்தச் சாவைப் பார்க்கிறார்கள். இப்படி எத்தனையோ மாற்றியவர் காரணத்தையும் விட்டுவிட்டார். விளைவை மட்டும் அவர் விடவில்லை. ஒரு பாய், ஒரு மூட்டை, ஒரு செம்பு: அதுதான் அவள் சொத்து. கோபித்துக்கொண்டு போவதற்குப் புகுந்த வீடு இல்லாததால் இன்னொரு உறவின் வாசலுக்குப் போகிறாள். சர்வஜயாவின் கணவன் ஹரிஹரன் தள்ளாடும் வயதுவரை இருந்தால் வறுமை அவனையும் வாட்டும். வெளியே போ என்று அவனிடம் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது, அது அவன் வீடு. இதே காரணத்தால் சர்வஜயாவைக் கொடுமைக்காரி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. மாப்பிள்ளை வாங்கிப்போன பணத்தின் பாரம் அப்பனோடு தீர்ந்தது. அவர் விட்டுப்போன மனைவியின் பாரமோ இரண்டு தலைமுறை தள்ளி, தன் பிள்ளைகளுக்கே சோறு போதாத ஒருத்தியின் அடுப்பங்கரையில் வந்து இறங்கியது. அந்தக் கல்யாணத்தில் சர்வஜயாவுக்கு என்ன பங்கு?

பலதார மணத்தைத் தடைசெய்யக் கோரி வித்யாசாகர் அரசிடம் மனுக் கொடுத்தது 1855 டிசம்பரில். அடுத்து வந்த 1857 கலகத்தில் அந்த முயற்சி மூழ்கியது. 1866இல் மீண்டும் கொடுத்த மனுவும் பலிக்கவில்லை. இந்துக்களுக்கு ஒருதார மணத்தையே விதியாக்கிய இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 மே 18 அன்று. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 26இல், கல்கத்தா திரையரங்கில் இந்திர் அத்தை செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வேடத்தில் நடித்த முன்னாள் நாடக நடிகை சுனிபாலா தேவி, படம் வெளியாவதற்கு முன்பே காலமாகியிருந்தார்.