விதைப் புற்றுநோயும் சிகிச்சை நெறியும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வளர்ச்சியைத் தனியொரு மேதையின் சாதனையாகக் கூறும் போக்கு இன்றும் நிலவுகின்றது. ஆண்களின் விதையிலுள்ள மூலவுயிர்க் கலங்களிலிருந்து தோன்றும் புற்றுநோயின் சிகிச்சை வரலாறு இப்போக்கின் குறைபாட்டைப் புலப்படுத்துகின்றது. இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டோரையே பற்றுவது. உழைக்கும் பருவத்தினரைப் பற்றுவதாலேயே அதன் சமூகத் தாக்கமும் பெரிதாகின்றது.

1845இல் மிக்கேல் பெய்ரோன் பிளாற்றினச் சேர்வையொன்றை ஆக்கினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதன் மருத்துவப் பயனை எவரும் அறிந்திலர். 1965இல் மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெற் ரோசன்பேர்க்கும் அவர்தம் சகாக்களும் பற்றீரியாக்கள்மீது மின்புலத்தின் விளைவை ஆராய்ந்தபோது, கலங்கள் பிரிவடையாது இழைபோல் நீண்டன. இதற்குக் காரணம் மின்புலமன்று. பிளாற்றின மின்வாய்களிலிருந்து கரைசலிற் சேர்ந்த சேர்வைகளே என்பது பின்னர் தெளிவாயிற்று. சிஸ்பிளாற்றின் எனப்படும் பெய்ரோனின் அப்பழைய சேர்வை எலிகளின் கட்டிகளை ஒடுக்குவதும் 1969இல் வெளியாயிற்று.

எனினும், அம்மருந்து சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதித்தது. நாளத்தின் வழியே நீரை மிகுதியாகச் செலுத்தும் முறை வகுக்கப்பட்ட பின்னரே அது பயன்பாட்டுக்குரியதாயிற்று. 1974இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் லோறன்ஸ் ஐன்ஹோர்ன் அதனை வின்பிளாஸ்ரின், பிளியோமைசின் ஆகியவற்றுடன் இணைத்து வழங்கத் தொடங்கினார். 1977இல் வெளியான முடிவுகளின்படி, நோய் உடலெங்கும் பரவியிருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூவரிடத்து நோயின் அறிகுறிகள் முற்றாக மறைந்தன. அதற்கு முன்னர் அந்நிலையினருட் பெரும்பாலோர் இறந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதன்பின் எழுந்த வினா வேறானது: எவருக்கு, எவ்வளவு சிகிச்சை? 1987இல் வெளியான ஒப்பாய்வு, வின்பிளாஸ்ரினுக்குப் பதிலாக எற்றோபொசைட் வழங்கின் நரம்பு, தசைப் பாதிப்புக் குறைவதைக் காட்டிற்று. 1997இல் பல நாட்டு வைத்தியர்கள் 5,000க்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஒருங்கிணைத்து, பரவிய நோயை மூன்று ஆபத்துத் தரங்களாக வகுத்தனர். குறைந்த ஆபத்துடையோருக்கு மூன்று சுற்று மருந்து போதுமானது. ஏனையோருக்குப் பொதுவாக நான்கு. நோய் பரவாதோர் பலருக்குச் சத்திரசிகிச்சையின் பின் ஒழுங்கான கண்காணிப்பே அமையும். குருதியிலுள்ள குறிகாட்டிகளைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அளத்தல், மருந்துக்கு முன் விந்தைச் சேமிக்க வாய்ப்பளித்தல், தக்க காரணமின்றி மருந்தின் அளவைக் குறையாதும் நாளைத் தள்ளாதும் விடுதல், அனுபவமுள்ள நிலையங்களுக்கு நோயாளரை அனுப்புதல் ஆகியன நிபுணர் நெறியின் அடிப்படைகளாயின. மிகையான சிகிச்சையும் தீங்கே என்பதையும் இந்நெறி கற்பித்தது.

ஆயின், குறித்த நாளிற் குறித்த அளவு மருந்து என்னும் விதி, மருந்தும் படுக்கையும் உள்ள இடத்திலேயே பொருளுடையது. உலக சுகாதார நிறுவனம் சிஸ்பிளாற்றினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துள்ளது. வறுமையும், உறுப்பைப் பற்றிப் பேசுவதிலுள்ள நாணமும் நோயாளியைக் காலந்தாழ்த்தியே வைத்தியரிடம் சேர்க்கின்றன. தற்செயலாக வெளிப்பட்ட உண்மையை விஞ்ஞானிகளும் வைத்தியர்களும் நோயாளரும் கூடி நெறியாக்கினர். அந்நெறியை யாவருக்கும் உரியதாக்குவது ஆய்வுகூடத்தின் கடமையன்று, சமூகத்தின் கடமையாகும்.