ஒரு டீசல் எஞ்சினும் இரண்டு போகிகளும்

சென்ற மலரின் 'மலரும் நினைவுகள்' பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. 1986 பொருட்காட்சியில் ஓடிய மாடல் டீசல் எஞ்சினை உருவாக்கியவர் என்று என் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். படித்தவுடன் மனசு உறுத்தியது. மலர்க் குழுவினர் இந்தமுறை கட்டுரை கேட்டபோது, அந்த வரியைத் திருத்தக் கிடைத்த வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் அசல் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம். சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரை வரை ரயில் பாதை 1862-லேயே முழுமையாகிவிட்டது. நூறு வருஷம் அதில் நீராவிதான் ராஜ்யம். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து டபிள்யூ.டி.எம்.-2 என்ற டீசல் எஞ்சின்கள் கப்பலில் வந்திறங்கின. 1964 ஜனவரியில் வாரணாசித் தொழிற்சாலையில் நாமே அதைத் தயாரிக்க ஆரம்பித்தோம். 1969-இல் ஆல்கோ எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பெற்றவள் போய்ச் சேர்ந்த பிறகும் பிள்ளை இங்கே வளர்ந்தது என்று சொல்லலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எஞ்சின்கள் அந்த ஒரே டிசைனில் பிறந்தன. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், எடை 112.8 டன். டீசல் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் ஆறு அச்சிலும் உள்ள ஆறு மோட்டார்கள் ஓடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி கரண்ட்டில் அதே ஜெனரேட்டரே மோட்டாராகி எஞ்சினைச் சுற்றிவிடும். இதை வகுப்பில் கேட்டபோது எனக்குப் பாதி புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு முழுசும் புரிந்தது.

அவன்தான் 'பாடி'. நாமக்கல்லில் அவன் அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார், அதனால் அந்தப் பெயர். எங்கள் செட்டில் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "உங்க ஊர்ல லாரி இருக்கு, ரிக்கு இருக்கு, முட்டை இருக்கு, ரயில் எங்கடா?" என்று ஹாஸ்டலே கிண்டல் செய்யும். அன்று நாமக்கல் ஊருக்கு ரயில் கிடையாது. அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். ஆனால் பொருட்காட்சிக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது, "டீசல் எஞ்சின் பண்ணலாம்டா, பத்தில் ஒரு பங்கு அளவுல" என்று முதலில் சொன்னது அவன்தான்.

அசலில் 17.12 மீட்டர் நீளம், மாடலில் 171 சென்டிமீட்டர். அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், நமக்கு 168. சக்கரம் 1,092, நமக்கு 109. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்று, அதாவது 113 கிலோ! பாடி கணக்குப் போட்டுவிட்டு, "இத தூக்கறதுக்கே ஒரு லாரி வேணும்டா" என்றான். கடைசியில் பேட்டரியோடு சேர்த்து எழுபது கிலோ வந்தது என்று ஞாபகம்.

வரைபடம் எங்கே கிடைக்கும்? சூரமங்கலத்தில் சேலம் ஜங்ஷனுக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போனோம். யார்டில் கூட்ஸ் நிற்கும்போது முடிச்சுப் போட்ட சணல் கயிறுதான் எங்கள் டேப். ஒருமுறை பிடிபட்டு, காலேஜ் அடையாள அட்டையைக் காட்டித் தப்பினோம். டிரைவர் ஒருவர் மட்டும், "என்ன தம்பிகளா, எஞ்சின விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, சில முக்கிய அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் மாடலே இல்லை.

வேலையைச் சொல்ல ஆரம்பித்தால் மலர் முழுக்கப் போதாது. கூண்டு முழுவதும் தகரம். நாமக்கல் பட்டறையில் மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி அந்த வளைவை எடுத்தது பாடியின் கை. ரேடியேட்டர் வலைக்கு மாவு சலிக்கும் சல்லடை. கைப்பிடிக் கம்பிகளைச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் பித்தளையில் வளைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மோட்டாருக்கு லாரி வைப்பர் மோட்டார், மொத்தம் ஆறு, எல்லாம் பழசு. புகைபோக்கிக்குள் ஒரு டப்பாவில் சாம்பிராணி. பெயின்ட் அடித்தவர் லாரிக்கு எழுதுகிறவர், விட்டிருந்தால் பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருப்பார்.

சக்கரங்களை நம் ஒர்க்‌ஷாப் லேத்தில் ஐந்து அங்குல இரும்பு ராடிலிருந்து கடைந்தோம். அப்போதைய இன்ஸ்ட்ரக்டர் சக்கரத்தின் ஓடும் பரப்பு இருபதுக்கு ஒன்று சாய்வாக இருந்தே ஆகவேண்டும் என்று நின்றார். "சார், நம்ம தண்டவாளம் முப்பதடி, நேர்கோடு. வளைவே இல்லையேங்க" என்றேன். "ரயில் சக்கரம்னா சாய்வு இருக்கணும். இல்லேன்னா அதுக்குப் பேரு வேற" என்றார். பன்னிரண்டு சக்கரத்தையும் அப்படியே கடைய வைத்தார்.

இனி போகி விஷயம். எஞ்சினுக்கு அடியில் மூன்று அச்சுகள் கொண்ட இரண்டு வண்டிகள். ஒவ்வொன்றும் மேலே உள்ள பாரத்தை மூன்று இடத்தில் தாங்கும். நடுப் பிவட்டில் அறுபது சதவீதம், பக்கத்துக்கு இருபது இருபது. அதனால்தான் அதற்கு டிரைமவுண்ட் என்று பெயர். வரைபடம் போட்டவன் நான். மூன்று அச்சுக்கும் சம இடைவெளி போட்டேன், பார்க்க அழகாக இருந்தது. பாடி பார்த்துவிட்டு, "இல்லடா, நடு அச்சு நட்ட நடுவுல இல்ல, ஒரு பக்கமா தள்ளி இருக்கு. நான் குனிஞ்சு பார்த்தேன்" என்றான். "கயிறுல அளந்தா அப்படித்தான் இருக்கும், போடா" என்று அடக்கிவிட்டேன். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன் என்ற திமிர், வேறென்ன.

முதல் போகியை என் படத்தின்படி வெல்டிங் வைத்தோம். மோட்டார்களைப் பொருத்தப் போனால் நடு மோட்டாருக்கும் பிவட்டுக்கும் இடம் முட்டியது. அசலிலும் அதே சங்கடம்தான். மூன்று மோட்டார்களும் நடுத் தாங்கியும் ஒரே சட்டத்துக்குள் அடங்கவேண்டும், அதற்காகவே அச்சுகளை ஏற்றத்தாழ்வாக வைத்திருக்கிறார்கள். பாடி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது போகியை ராத்திரியோடு ராத்திரியாக அவன் கண்ட அளவில் செய்தான். மூன்று மோட்டாரும் கச்சிதமாக உட்கார்ந்தன. முதலாவதைப் பிரித்துச் செய்ய நேரமில்லை. நடு மோட்டாரைக் கழற்றிவிட்டு ஐந்து மோட்டாரோடு ஓட்டினோம். முப்பதடி போக அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும், ஆனாலும் ஒரு தள்ளுவண்டியில் மெஸ் சமையல்காரரின் பையனை உட்காரவைத்து இழுத்தது. பையன் இறங்க மாட்டேன் என்று அழுதான்.

இரண்டாம் நாள் ரயில்வேயிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒரு போகி சரியா இருக்கு, இன்னொண்ணு தப்பு. சரியானத யார் போட்டது?" என்றார். கூட இருந்த பேராசிரியர் என் முதுகில் தட்டி, "டிராயிங் எல்லாம் இவன்தாங்க" என்றார். நான் பேசாமல் நின்றேன். பாடி சாம்பிராணி டப்பாவுக்கு நெருப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்கும். பரிசுச் சான்றிதழில் என் பெயர் முதலில், அவன் பெயர் 'உதவி' என்று கீழே. அந்த உதவிதான் போன மலரில் அதுவும் இல்லாமல் போனது. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

2013 மே மாதம் சேலம் - நாமக்கல் - கரூர் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது. அன்று மாலை பாடி போன் செய்தான். பட்டறையை மூடிவிட்டுப் பேரனோடு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். "டீசல்தான்டா வந்துச்சு" என்றான். அப்போதாவது அந்தப் பழைய விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். "ரொம்ப சந்தோஷம்டா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பாதைக்கும் பிறகு மின்கம்பி வந்துவிட்டது. வாரணாசித் தொழிற்சாலையும் 2020 முதல் பெயரில் 'டீசல்' இல்லாமல் இருக்கிறது.

நம் மாடலின் கூண்டு துருப்பிடித்துப் பழைய இரும்போடு போய்விட்டது. சக்கரங்களோடு இரண்டு போகிகளை மட்டும் ஜூனியர் ஒருவர் கழற்றி வைத்துத் தகவல் சொன்னார், போய் எடுத்து வந்தேன். இந்தச் சந்திப்புக்கு அவற்றைக் கொண்டுவருகிறேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது மறுபடி கட்ட நினைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், சக்கரங்களின் சாய்வு இன்னும் அப்படியே இருக்கிறது. ஒர்க்‌ஷாப் வாசல் மேசையில் வைத்திருப்பேன். இடது பக்கம் இருப்பது நான் போட்டது. வலது பக்கம் இருப்பது பாடியுடையது. அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.