போடிநாயக்கனூர் வட்டார மரபுச் சின்னங்கள்

போடிநாயக்கனூர் வட்டார மரபுச் சின்னங்கள் என்பவை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூர் நகரிலும், அதன் மேற்கே உயர்ந்து செல்லும் ஏலமலைச் சரிவுகளிலும் காணப்படும் பழைய கட்டடங்கள், மலைப்பாதைகள், போக்குவரத்து அமைப்புகளின் எச்சங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். போடி அரண்மனை, ஏலக்காய்ச் சந்தை, மதுரை – போடி இரயில் பாதை, குரங்கணி – டாப் ஸ்டேசன் கம்பிவடப் பாதையின் தடம், கொழுக்குமலைத் தேயிலைத் தொழிற்சாலை ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தரப்பினரால் அமைக்கப்பட்டவை. எனினும் இவற்றில் பெரும்பாலானவை ஒரே வழித்தடத்தின் பகுதிகளாகும். மலையில் விளைந்த ஏலக்காயும் தேயிலையும் சமவெளிக்கு இறங்கியதும், சமவெளியின் அரிசியும் தொழிலாளர்களும் மலைக்கு ஏறியதும் இந்த வழியாகவே. ஆகவே இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒரு தொடராகப் பார்ப்பதே இவற்றின் பயனை விளங்கிக்கொள்ள உதவும்.

அமைவிடம்

போடிநாயக்கனூர், சுருக்கமாகப் போடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 75 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. மலையிலிருந்து இறங்கி வரும் கொட்டக்குடி ஆறு இப்பகுதியின் முதன்மையான நீராதாரமாகும். இது வைகையின் நீரமைப்பைச் சேர்ந்தது.

நகரிலிருந்து மலைக்குச் செல்ல இரு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் சாலை. இது கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85இன் (பழைய எண் 49) ஒரு பகுதி. இதில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மற்றொன்று, குரங்கணி, கொட்டக்குடி வழியாகச் செல்லும் பழைய நடைபாதை. மூணாறு மலைத்தோட்டங்களின் தொடக்க கால வரலாற்றுடன் நெருங்கிய தொடர்புடையது இந்த இரண்டாவது வழியே ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. போடிநாயக்கனூர் அவ்வாறு அமைந்த பாளையங்களுள் ஒன்று. இதனை ஆண்டவர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசகம்பளத்து நாயக்கர் மரபினர். ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பாளையம் ஜமீனாக மாறியது. 1948 ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைத் தொடர்ந்து ஜமீன் முறை முடிவுக்கு வந்தது. ஜமீன்தாரிணி காமுலு அம்மாளின் பெயரை நகரின் மேல்நிலைப்பள்ளி ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது.

மலைச்சரிவுகளில் வாழும் முதுவர் பழங்குடியினரின் வாய்மொழி மரபு, தம் முன்னோர் மதுரையிலிருந்து வெளியேறி இம்மலைகளில் குடியேறியதாகக் கூறுகிறது. குழந்தைகளையும் உடைமைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். தோட்டங்கள் உருவாவதற்கு முன்பே மலைக்கும் சமவெளிக்கும் இடையே நடைவழிகள் இருந்ததை இம்மரபு உணர்த்துகிறது.

1877 ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரச குடும்பத்தினர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் குத்தகைக்கு அளித்தனர். 1897 ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. மலைகள் திருவிதாங்கூர் சமத்தானத்தில் இருந்தபோதும், தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பாளர்களும் உணவுப் பொருள்களும் பெருமளவில் சென்னை மாகாணத்தின் தமிழ்ச் சமவெளியிலிருந்தே சென்றன. இதனால் போடி மலைத்தோட்டங்களின் வாயிலாக வளர்ந்தது.

1956 ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. எனினும் அவை கேரளத்துடன் சேர்க்கப்பட்டன. இதன் விளைவாக, ஒரே வழித்தடத்தின் சின்னங்கள் இன்று இரு மாநிலங்களில் பிரிந்து கிடக்கின்றன.

போடி அரண்மனை

நகரின் மையப் பகுதியில் அமைந்துள்ள ஜமீன் அரண்மனை இவ்வட்டாரத்தின் முதன்மையான வரலாற்று இல்லமாகும். இதன் தனிச்சிறப்பு, உட்சுவர்களில் தீட்டப்பட்டுள்ள இராமாயண ஓவியங்கள். நாயக்கர் கால ஓவிய மரபு பாளையக்காரர்களின் அரண்மனைகளில் பிற்காலம் வரை தொடர்ந்ததற்கு இவை சான்றாகும்.

இவ்வகையில் இதனுடன் ஒப்பிடத்தக்கது இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் இராமலிங்க விலாசம். அங்கும் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள் உள்ளன. ஆனால் இராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. போடி அரண்மனையோ ஜமீன் குடும்பத்தாரின் உடைமையாகும்.

சுண்ணாம்புப் பூச்சின் மீது வரையப்பட்ட ஓவியங்களுக்கு நீர்க்கசிவே முதல் பகை. கூரையில் ஏற்படும் சிறு வெடிப்பும் சில மழைக்காலங்களில் பூச்சை உப்புப் பூக்கச் செய்து, வண்ணத்துடன் சேர்த்து உதிர்த்துவிடும். வெள்ளையடித்தல் இரண்டாவது பகை. எனவே இத்தகைய கட்டடங்களில் ஓவியங்களைக் காப்பது என்பது கூரையைக் காப்பதிலிருந்தே தொடங்குகிறது.

நகரை அடுத்துள்ள குன்றின் மீது பரமசிவன் மலைக்கோயில் அமைந்துள்ளது. சித்திரை மாதத்தில் இங்கு நடைபெறும் திருவிழாவுக்குச் சுற்று வட்டார மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். குன்றின் மேலிருந்து நகரையும் மலைச்சரிவுகளையும் ஒருசேரக் காணலாம்.

ஏலக்காய்ச் சந்தை

ஏலச்செடி மலையின் நிழற்காடுகளில் வளர்கிறது. பறித்த பச்சைக்காய்கள் தோட்டங்களிலுள்ள ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்களங்களில் மிதமான சூட்டில் உலர்த்தப்படுகின்றன. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் தேவைப்படும். உலர்ந்த காய்கள் அளவு, நிறம் ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரிக்கப்படுகின்றன. பருமனான காய்களுக்கு விலை அதிகம். தரம் பிரிக்கும் பணியில் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுகின்றனர்.

இந்தியாவின் ஏலக்காய் ஏல மையங்களுள் போடி முக்கியமானது. மற்றொரு மையம் மலையின் மறுபுறம், இடுக்கி மாவட்டத்தின் புற்றடியில் உள்ளது. ஏலக்காய் வாரியத்தின் பணிகளை 1987 ஆம் ஆண்டில் உருவான நறுமணப் பொருள் வாரியம் ஏற்றது. குரல் எழுப்பி விலை கேட்கும் பழைய முறைக்கு மாற்றாக 2007 ஆம் ஆண்டில் மின்னணு ஏல முறை அறிமுகமானது. நகரின் கிடங்குகளும் தரம் பிரிக்கும் கூடங்களும் சுற்றுலா இடங்கள் அல்ல. ஆயினும், இந்நகரம் ஏன் இங்கே வளர்ந்தது என்பதை அரண்மனையைவிடத் தெளிவாக அவை காட்டுகின்றன.

கம்பிவடப் பாதையும் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலும்

மூணாற்றுத் தேயிலையை மலையுச்சி வரை கொண்டு வர, 1902 ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேசன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. இது ஈவிங் முறையைச் சார்ந்தது. வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மீதும், சமநிலைக்கான பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையின் மீதும் உருண்டன. காளைகள் வண்டியை இழுத்தன. இதே முறையில் அமைந்த பட்டியாலா சமத்தான இரயிலின் வண்டி புதுதில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. மூணாற்றில் ஓடிய வண்டியின் அமைப்பை அதனைக் கொண்டு ஊகிக்கலாம்.

1908 ஆம் ஆண்டில் இப்பாதை இரண்டு அடி அகலக் குறும்பாதையாக மாற்றப்பட்டு நீராவிப் பொறிகள் ஓடின. 1924 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் பெய்த பெருமழையும் வெள்ளமும் இப்பாதையை அழித்தன. மலையாள ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரளத்தில் இது ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ எனப்படுகிறது. இரயில் மீண்டும் அமைக்கப்படவில்லை. அதன் பொறிச் சக்கரம் ஒன்று மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

டாப் ஸ்டேசனை அடைந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு சுமார் 5 கி.மீ. தொலைவு மலைச்சரிவில் இறங்கிக் கொட்டக்குடியை அடைந்தன. இறங்குமிடம் பாட்டம் ஸ்டேசன் எனவும், இடையிலிருந்த இடம் சென்ட்ரல் ஸ்டேசன் எனவும் பெயர் பெற்றன. கொட்டக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள போடிக்கு மாட்டு வண்டிகளில் சரக்கு சென்றது.

மதுரை – போடி இரயில் பாதை

சுமார் 90 கி.மீ. நீளமுள்ள மதுரை – போடி இரயில் பாதை 1928 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வட்டாரத்துக்கு அருகிலிருந்தது மதுரை – திண்டுக்கல் பாதையே. இரண்டாம் உலகப் போரின்போது போடி பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. 1950களில் மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் மீட்டர் பாதைப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பணி நீண்டது. தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 சூன் மாதத்திலும் இரயில் மீண்டும் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் போடி இரயில் இல்லாத நகரமாக இருந்தது.

கொழுக்குமலை

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேலான உயரத்தில் போடிநாயக்கனூர் வட்டத்தில் அமைந்துள்ளது. உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது. இங்குள்ள தொழிற்சாலை 1930களில் நிறுவப்பட்டது. இலையை வாட்டுதல், உருட்டுதல், புளிக்க வைத்தல், உலர்த்துதல் என்னும் மரபுமுறைப் படிகளை இங்கு நேரில் காணலாம். நிலம் தமிழ்நாட்டைச் சேர்ந்ததாயினும், வாகனப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்தே செல்கிறது.

பாதுகாப்பு நிலை

இங்கிலாந்தில் 1895 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய அறக்கட்டளை, பழைய மாளிகைகளையும் நிலங்களையும் கையகப்படுத்திப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்துள்ளது. 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், குறிப்பிடத்தக்க கட்டடங்களைப் பட்டியலிடும் முறையை விரிவாக ஏற்படுத்தியது. இதனால் தனியார் உடைமையாக உள்ள வீடும், கைவிடப்பட்ட இரயில் நிலையமும்கூடப் பட்டியலில் இடம்பெற முடிகிறது.

தமிழ்நாட்டில் 1966 ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்கீழ் கோயில்கள், கோட்டைகள், கல்வெட்டுகள் போன்றவை பெரும்பாலும் காக்கப்படுகின்றன. கட்டட மரபையும் உள்ளடக்கும் வகையில் மரபு ஆணையச் சட்டம் 2012 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மக்கள் குடியிருக்கும் அரண்மனை, செயல்படும் கிடங்கு, காட்டுக்குள் உள்ள கம்பிவடத் தூணின் அடித்தளம் ஆகியவை ‘பழஞ்சின்னம்’ என்ற சொல்லின் வழக்கமான பொருளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. போடி வட்டாரத்தின் சின்னங்கள் பெரும்பாலும் இத்தகையவையே.

பார்வையிடல்

* அரண்மனை தனியார் இல்லமாதலால் முன்னரே இசைவு பெற்ற பின்னரே உட்செல்ல வேண்டும். ஓவியங்களைத் தொடுதல், ஒளிவீச்சுடன் படம் எடுத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.
* குரங்கணி வரை போடியிலிருந்து சாலை வசதி உள்ளது. அதற்கு மேல் உள்ள காட்டு வழிகளில் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல்வெளிகளில் தீ மிக விரைவாகப் பரவும்.
* டாப் ஸ்டேசன் தேனி மாவட்டத்தின் கொட்டக்குடி ஊராட்சியைச் சேர்ந்தது. எனினும் வாகனத்தில் செல்வோர் போடிமெட்டு வழியாக மூணாறு சென்று, அங்கிருந்து சுமார் 32 கி.மீ. பயணம் செய்ய வேண்டும்.
* வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போடிமெட்டுச் சாலையில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. புறப்படும் முன் சாலையின் நிலையை அறிந்துகொள்வது நலம்.

பெயர்களில் எஞ்சிய வரலாறு

கம்பிவடம் இன்று இல்லை. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலும் இல்லை. ஆனால் டாப் ஸ்டேசன், சென்ட்ரல் ஸ்டேசன் ஆகியவை இன்றும் மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களாக உள்ளன. தண்டவாளமே இல்லாத மலையுச்சியில் ‘ஸ்டேசன்’ என்ற பெயர் ஏன் வந்தது என்று கேட்கும் பயணிக்கு, இவ்வழித்தடத்தின் வரலாறே விடையாகும். அவ்விடையைத் தெரிவிக்கும் தகவல் பலகைகளைக் குரங்கணியிலும் டாப் ஸ்டேசனிலும் நிறுவி, எஞ்சியுள்ள அடித்தளங்களை ஆவணப்படுத்துவது பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய முதற்பணியாகும்.

இவற்றையும் பார்க்க

* தேனி மாவட்டம்
* கொட்டக்குடி ஆறு
* மூணாறு
* இராமலிங்க விலாசம்
* ஏலக்காய்