எங்கள் கரையில் துவக்கு



'துவக்கு' என்ற சொல்லுக்கு நமது பேச்சில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தொடங்கு என்பது. அது நமது சொந்தச் சொல். மற்றையது சுடுகருவி. அது கடல் கடந்து வந்த சொல். துருக்கி மொழியில் 'துஃபெக்' என வழங்கிய சொல்லே தமிழகத்தில் துப்பாக்கி என்றும், இலங்கைத் தமிழில் துவக்கு என்றும், சிங்களத்தில் துவக்குவ என்றும் திரிந்து வழங்குகிறது என்பர் சொல்லாராய்ச்சியாளர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறத்தாழ ஒரே பெயரால் அழைக்கும் பொருள்கள் இந்த நாட்டில் அதிகமில்லை. அவற்றுள் ஒன்று இதுவாக அமைந்ததை என்னவென்பது!

அமெரிக்காவில் பாடசாலையொன்றிலோ கடைத்தொகுதியொன்றிலோ ஒருவன் வெறிகொண்டு சுட்டுத் தள்ளும்போதெல்லாம் அந்நாட்டிலே பழைய விவாதமொன்று தலைதூக்குகிறது. துவக்கு வைத்திருத்தல் மனிதனின் உரிமையா, அன்றி அரசு கொடுத்து அரசே பறிக்கக்கூடிய அனுமதியா என்பதே அது. 1791 ஆம் ஆண்டு அவர்களது அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் அதனை உரிமை என்றது. அது தனிமனிதனுக்குரிய உரிமையே என்று 2008 இல் அவர்களுடைய உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இந்தச் செய்தியைப் படிக்கும் நம்மவர் பலர், இது யாரோ அந்நியருடைய வழக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். ஒலுவிலிலே பிறந்து, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே வாழ்நாளைக் கழித்த எனக்கு அவ்வாறு புரட்டிவிட முடிவதில்லை. இந்த வழக்கு எங்கள் கரையிலும் நடந்தது. நீதிமன்றத்தில் அல்ல, பள்ளிவாசல் முற்றத்திலே நடந்தது.

அதற்கு முன் சிறிது பின்னோக்கிச் செல்வோம்.

1505 இற் போர்த்துக்கேயர் இந்நாட்டில் வந்திறங்கியபோது அவர்களது பீரங்கியின் ஓசை இடியோசையினும் பெரிதாயிருந்ததென்று அக்காலச் செய்தி கூறும். அந்த அதிர்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அதே நூற்றாண்டு முடிவதற்குள் சிங்களக் கொல்லர் தாமே துவக்குச் செய்யப் பழகிவிட்டனர். அவற்றின் வேலைப்பாட்டைப் போர்த்துக்கேய ஆசிரியர்களே மெச்சியிருக்கின்றனர். மலைநாட்டுக் கிராமத்தவனின் கையில் மண்வெட்டிக்கு அடுத்தபடியாகத் துவக்கும் ஒரு கமக்கருவியாயிற்று. பன்றிக்கும் யானைக்கும் பயிரைப் பறிகொடுப்பவனுக்கு வேறு வழி ஏது?

அந்தத் துவக்கின் மேல் அரசு கைவைத்த ஆண்டுகளுள் ஒன்று 1848. டொரிங்டன் பிரபு தேசாதிபதியாயிருந்த காலம். கோப்பி வியாபாரம் விழுந்து கஜானா வறண்டிருந்தது. பணம் தேடிய தேசாதிபதி புதுப்புது வரிகளைக் கண்டுபிடித்தார். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, நாயொன்றுக்கு ஒரு சிலிங், துவக்கொன்றுக்கு இரண்டரைச் சிலிங். இவற்றோடு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், இன்றேல் மூன்று சிலிங் கட்டல் வேண்டும். வருமானத்துக்காகப் போடப்பட்ட வரிதான். ஆயினும் துவக்கு வரியைச் செலுத்துவதென்றால், தன் வீட்டிலே துவக்கு இருக்கிறதென்று அரசுக்குப் பெயர் கொடுத்தாகவேண்டும். பெயர் கொடுத்தவனைத் தேடி நாளை யார் வருவார் என்பது கிராமத்தவனுக்குத் தெரியாததல்ல. ஜூலை மாதத் தொடக்கத்தில் கண்டிக் கச்சேரியின் முன்னே ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மாத இறுதியில் மாத்தளையிற் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். காவியுடை களையாமலே ஒரு பிக்குவையும் சுட்டனர். இந்தக் கொடுமை இலண்டன் பாராளுமன்றம் வரை சென்று, 1850 இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். நமது பாடப்புத்தகங்கள் இதனைச் சுதந்திரப் போராட்டமென்று படிப்பிக்கின்றன. துவக்குக் கட்டுப்பாட்டின் சரித்திரமாகவும் இதனைப் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்றும் நம்மை ஆளுகின்ற சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நூறு வயதைத் தாண்டிவிட்ட சட்டம். 1996 இன் 22 ஆம் இலக்கத் திருத்தம் அதன் தண்டனைகளை மிகவும் கடுமையாக்கிற்று. அடிப்படை மட்டும் மாறவில்லை. துவக்கு வைத்திருப்பதற்கு எவருக்கும் பிறப்புரிமை கிடையாது. காரணம் காட்டி விண்ணப்பித்து, அனுமதிப்பத்திரம் பெற்று, ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும்.

1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை எங்கள் பகுதிப் போடிமார் இந்த அலுவலுக்காகக் கல்முனையையும் களுவாஞ்சிக்குடியையும் கடந்து மட்டக்களப்புக் கச்சேரிக்கே சென்றனர். எனது மூத்தப்பாவிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. குழல் வாயிலே மருந்தும் சன்னமும் இட்டு இடித்து நிரப்புவதனால் அதற்கு அப்பெயர். அதன் அனுமதிப்பத்திரத்தை அவர் காணி உறுதியோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். வட்டையிலே பன்றி இறங்கிவிட்டால் அக்கம்பக்கத்து வாடிக்காரர்கள் அவரைத்தான் எழுப்புவார்கள். "மூத்தவரே, வெடியொண்டு வைங்க" என்பார்கள். பத்து வாடிக்கு ஒரு துவக்கு. அது யாருடைய துவக்கென்று எல்லோருக்கும் தெரியும். பிழையாக ஒரு வெடி விழுந்தால் யாரைக் கேட்பதென்றும் தெரியும். இந்த விடயத்தை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இதற்கு நேர்மாறானது கட்டுத்துவக்கு. ஒற்றையடிப் பாதையின் ஓரத்திலே ஒரு குழலைக் கட்டி, குறுக்கே கம்பியொன்றை இழுத்து விட்டுச் செல்வர். கட்டியவன் வீட்டிலே உறங்குவான். காலிலே கம்பி தட்டியதும் வெடிக்கும். வந்தது பன்றியா, மாடு தேடி வந்த பையனா, விறகு வெட்டப் போன பெண்ணா என்று அதற்குத் தெரியாது. சட்டம் இதனைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் கட்டுத்துவக்கு வெடித்து விவசாயி படுகாயம் என்ற செய்தி நமது பத்திரிகைகளின் உட்பக்கங்களில் இன்றுவரை நின்றபாடில்லை.

இனி, சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போதே அனுமதிபெற்ற துவக்குகளுக்கு ஆபத்து வந்துவிட்டது. கிளர்ச்சிக்காரர் வீடு வீடாகச் சென்று சொட்கன்களைப் பறித்தனர். 1980 களில் வடக்குக் கிழக்கிலும் தெற்கிலும் இயக்கங்கள் இதனையே செய்தன. துவக்கு இருக்கும் வீடு காவலுள்ள வீடு என்ற நிலைமாறி, கதவு தட்டப்படும் வீடு என்றாயிற்று. பலர் தாமாகவே பொலிசில் ஒப்படைத்துவிட்டுக் கைவீசி வந்தனர். 1848 இற் பெயர் கொடுக்க அஞ்சியவனின் அச்சம், ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து வேறோர் உருவிலே பலித்தது எனலாம்.

மறுபுறத்தில் அரசு 1980 களின் நடுப்பகுதியில் ஊர்காவற் படையை உருவாக்கிற்று. எல்லைக் கிராமங்களின் சிங்களவருக்கு முதலிலும், பின்னர் முஸ்லிம்களுக்கும், சொற்ப காலப் பயிற்சியோடு சொட்கன்கள் கொடுக்கப்பட்டன.

பிறகு 1990 வந்தது. ஜூன் 11 ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்துகொண்டனர். மேலிடத்து உத்தரவின்படி ஆயுதங்களைக் கீழே வைத்துச் சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கும் மேலானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களில் எங்கள் மாவட்டத்து வயல்களிலே வேலை செய்துகொண்டிருந்த முஸ்லிம் விவசாயிகள் கொல்லப்பட்டனர். 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

அந்த நாட்களில் எங்களூரிலே ஆண்கள் முறைவைத்து இரவிற் காவலிருந்தோம். என் கையில் இருந்தது ஒரு டோர்ச் லைட் மட்டுமே. பள்ளிவாசல் முற்றத்திலே நடந்த விவாதம் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. இளைஞர்கள் கேட்டனர்: "துவக்கைக் கீழே வைத்த பொலிசுக்கு நடந்ததைப் பார்த்தோமே, வெறுங்கையோடு தொழுதவர்களுக்கு நடந்ததையும் பார்த்தோமே, இன்னும் எதற்காகக் காத்திருப்பது? எங்களைக் காக்க அரசு வராதென்றால் எங்கள் கையில் ஆயுதத்தைத் தரட்டும்." மரைக்காயர் ஒருவர் மறுத்தார். "வாப்பாமாரே, துவக்கைத் தருகிறவன் சும்மா தரமாட்டான். அதை எந்தப் பக்கம் நீட்டுவதென்றும் அவன்தான் சொல்லுவான். நாளைக்கு நெல் விற்கவும் மீன் வாங்கவும் நாம் யாருடைய ஊருக்குள்ளே போவது?" இளைஞர்களின் நியாயத்தை எவராலும் மறுக்க முடியவில்லை. பெரியவரின் கேள்விக்கும் எவரிடமும் விடை இருக்கவில்லை. அமெரிக்க நீதிமன்றத்தில் இதனிலும் திறமாக வாதித்திருப்பார்களோ என்பது எனக்குச் சந்தேகம்.

துவக்குகள் வந்தன. அவற்றால் உயிர் தப்பியோர் உண்டு. இரவிலே கொஞ்சம் கண்ணயர்ந்த தாய்மாரும் உண்டு. இதை மறைப்பது நன்றியன்று. அதேபோல் மற்றதையும் மறைக்கலாகாது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி, சம்மாந்துறைக்கு அருகிலுள்ள வீரமுனையிற் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றோருள் முஸ்லிம் ஊர்காவற் படையினர் இருந்தனர் என்பதே உயிர்தப்பியோரின் சாட்சியம். 1992 ஏப்ரல் 29 ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையிற் புலிகள் ஐம்பதுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றனர். அன்றே அயலிலுள்ள முத்துக்கல், கரப்பொல என்னும் தமிழ்க் கிராமங்களிற் பல உயிர்கள் பறிக்கப்பட்டன. அங்கும் ஊர்காவற் படையினரின் பெயர் பேசப்பட்டது. காத்தான்குடியை எழுதி வீரமுனையை விட்டுவிடும் முஸ்லிம் எழுத்தாளனையும், வீரமுனையை எழுதி ஏறாவூரை விட்டுவிடும் தமிழ் எழுத்தாளனையும் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். இருவரையும் ஒரே மேசையில் இருத்திவைக்க வேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை.

மூத்தப்பாவின் இடியனுக்கும் இந்தச் சொட்கனுக்கும் என்ன வேறுபாடு? முன்னையது ஒரு மனிதனுக்கு அவனுடைய வயலின் பொருட்டுக் கொடுக்கப்பட்டது. பத்திரத்திலே அவனுடைய பெயர் இருந்தது. பின்னையது ஓர் இனத்துக்கு அதன் இனத்தின் பொருட்டுக் கொடுக்கப்பட்டது. ஆகவே அது காத்த உயிர்களின் கணக்கும் கொன்ற உயிர்களின் கணக்கும் அந்த இனம் முழுவதன்மேலும் எழுதப்பட்டன. வீரமுனைக்காக ஒலுவிலின் மீன்காரனும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காத்தான்குடிக்காகக் காரைதீவின் வாத்தியாரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சுட்ட விரலுக்குரியவனோ எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்லவில்லை. இனத்துக்கு ஆயுத உரிமை என்பது இந்தியாவிலும் உண்டு. குடகு மக்களுக்குத் துவக்கு அனுமதிப்பத்திர விதியிலிருந்து பிரித்தானியர் காலந்தொட்டு விலக்களிக்கப்பட்டிருக்கிறது. அங்கே அது குலவழக்கமாய், பண்டிகைப் பொருளாய் அமைந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே அதே ஏற்பாடு என்ன செய்யும் என்பதற்கு எங்கள் கரை சாட்சி.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. ஏப்ரல் 13 ஆம் திகதி கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் செய்துகொண்ட உடன்பாட்டில், முஸ்லிம்கள் தம் வயல்களுக்குத் திரும்பிச் செல்வதும் ஒரு விடயமாயிருந்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை என்பது வேறு கதை. 2003 ஜனவரி 29 ஆம் திகதி எங்களூர்த் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் ஒலுவில் பிரகடனத்தை வெளியிட்டனர். முஸ்லிம்களின் தாயகம், சுயநிர்ணயம் என்பவற்றை அது பேசிற்று. 1990 இல் முற்றத்திலே துவக்குக் கேட்ட தலைமுறைக்கு அடுத்த தலைமுறை கையெழுத்தும் கடதாசியுமாக நின்றதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. பிரகடனத்தின் எல்லா வாசகங்களோடும் நான் உடன்படுகிறேன் என்பதல்ல இதன் பொருள்.

2019 மார்ச் 15 ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். அதற்குப் பயன்பட்ட வகைத் துவக்குகளை அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு மாதத்துக்குள் தடைசெய்தது. எங்களூரில் அதனைப் பாராட்டிப் பேசி முடிப்பதற்குள், ஏப்ரல் 21 ஆம் திகதி நமது தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாட்களின் பின் கல்முனைக்கு அருகே சாய்ந்தமருதிலும் வெடித்தது. வாள்களையும் பெருங்கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிசார் மே மாதத்தில் அறிவித்தபோது, தேங்காய் உடைக்கும் கத்தியைக் கொடுப்பதா வைப்பதா என்று பக்கத்து வீட்டுத் தாத்தா என்னிடம் வந்து கேட்டார். துவக்கிலிருந்து கத்திவரை இறங்கி வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

2024 இன் பிற்பகுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்காக நவம்பர் 7 ஆம் திகதிக்கு முன் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்தது. பிரமுகர்கள் முணுமுணுத்தனர். விவசாயிகளின் கவலை வேறு. 2019 இல் மட்டும் இந்நாட்டில் 400 இற்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் மாண்டனர். அட்டாளைச்சேனைப் பகுதியின் பள்ளக்காட்டில், குப்பைமேட்டிலே பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்துக் கிடந்த படங்கள் உலகப் பத்திரிகைகளிலும் வந்தன. குப்பைக்கு வந்து பழகிய யானை வயலுக்கும் வரும். துவக்குக் கொடு என்று சிலர் கேட்கின்றனர். துவக்கால் யானையை விரட்ட முடியாது, காயப்பட்ட யானை இன்னும் பொல்லாதது என்று அனுபவசாலிகள் சொல்கின்றனர். நான் பின்னவர் பக்கம்.

சென்ற மாரிப்போகத்தில் ஒரு மாலை வட்டைப்பக்கம் போயிருந்தேன். வாடியொன்றில் எங்களூரார் இருவர், திருக்கோவில் பக்கத்துத் தமிழர் ஒருவர், தீகவாபியிலிருந்து வந்த சிங்களவர் ஒருவர் என நால்வர் காவலிருந்தனர். நால்வருக்கும் பொதுவாக யானைவெடிப் பெட்டி ஒன்று இருந்தது. இரவு பெய்த மழையிலே அதிற் பாதி நனைந்துபோயிருந்தது. அடுப்பருகே அவற்றைப் பரப்பிக் காயவைப்பதா, கூடாதா என்று அவர்கள் தர்க்கித்துக்கொண்டிருந்தனர்.