கப்பலேறாத ஊசி

மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழ்ப் பெண்களில் பலருக்கு முன்கையில் பச்சை இருந்தது. புள்ளி வைத்த கோலம், தேள், சிலருக்குப் பெயர், நெற்றியிலோ முகவாயிலோ ஒன்றிரண்டு பொட்டு. அவர்களுடைய பேத்திகளின் கையில் அது இல்லை. ஏன் என்று கேட்டால் பள்ளிக்கூடம் வந்தது, நாகரிகம் வந்தது, வெட்கம் வந்தது, பிறகு மெஷினும் வந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு இந்தப் பதில் போதவில்லை. கையால் பச்சை குத்தும் தொழில் பேராக்கில் அழிந்துபோனது என்பதைவிட, அது அங்கே குடியேறவே இல்லை என்பதுதான் சரி என்று நினைக்கிறேன். குடியேறாததற்குக் காரணம் ஊர் தொலைவில் இருந்ததல்ல, எட்டிவிடும் தூரத்தில் இருந்ததுதான்.

தொழில் என்ன கேட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன், பச்சை குத்தும் குறவர் பெண்களின் முறையை எழுதி வைத்திருக்கிறார். அகத்திக்கீரையையும் மஞ்சள்பொடியையும் சேர்த்துக் கசக்கி, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றுவார்கள். மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, உட்புறம் படிந்த கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். உருவத்தைக் குச்சியால் தோலில் வரைந்துகொண்டு, சேர்த்துக் கட்டிய சில ஊசிகளால் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போவார்கள். மை கறுப்புதான், மேல்தோலைத் தாண்டி உள்ளே தங்கியபின் நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. அடுப்படியில் இல்லாத பொருள் இதில் எதுவுமில்லை. அரிதாக இருந்தது கைதான். ஆழமாகப் போனால் மை பரவிக் கோடு தடித்துவிடும், மேலோட்டமாக நின்றால் தோல் உரிகிறபோது போய்விடும். கோலமோ புள்ளிகளைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். அதையும் வலியில் நெளிகிற ஒரு சிறுமியின் கையில் போட வேண்டும். வாசல் கோலத்தையும் இந்தப் பச்சைக் கோலத்தையும் ஒன்றாக வைத்து மானிடவியலாளர் ஜான் லேயார்டு 1937-இல் ‘ஃபோக்-லோர்’ இதழில் ஒரு நீண்ட ஆய்வே எழுதினார். வாசலில் தப்பினால் அழித்துப் போடலாம். கையில் போட்டதை அழிக்க முடியாது.

ஊசியும் கரியும் தவிர ஒன்றும் வேண்டாத தொழில் கடல் கடக்க என்ன தடை? கரும்புத் தோட்டங்களுக்காகப் பேராக்கின் கிரியான் பகுதியில் தமிழர்கள் இறங்கிய காலத்திலிருந்து ரப்பர் காலம் வரை, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வாரக் கப்பல் பயணம். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கப்பல் கூலியை முதலாளிமார் கட்டிய அந்த நிதியே ஏற்றது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி தன் ஊருக்கே போய்ச் சொந்தபந்தத்தையும் சாதிசனத்தையும் அழைத்து வந்தார். வந்தவர்கள் சில ஆண்டு பால் வெட்டிவிட்டுத் திரும்பினார்கள், மறுபடியும் வந்தார்கள். பெருமந்த ஆண்டுகளில், 1930 முதல் 1932 வரை, லட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெண் எடுப்பது, காது குத்துவது, பச்சை குத்துவது எல்லாம் ஊருக்குப் போனால் நடக்கும் என்ற நிலை. கயானா, திரினிடாட், சுரினாம் ஆகிய இடங்களுக்குப் போன போஜ்புரிப் பெண்களுக்கு இந்த வசதி இல்லை. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கான பயணம், பெரும்பாலோர் திரும்பவே இல்லை. மணமான பெண்ணின் கையில் ‘கோத்னா’ என்னும் பச்சை இருந்தே ஆகவேண்டும் என்ற வழக்கம் அங்கேயும் விடாததால், ஊசி பிடிக்கும் கைகளும் அங்கேயே உருவாயின. தூரமே அந்தத் தொழிலை அங்கே வேரூன்ற வைத்தது. பேராக்கில் அதற்கு அவசியம் எழவில்லை.

கோயில் வந்ததே, முடிதிருத்துபவர் வந்தாரே, தட்டார் வந்தாரே, பச்சை குத்துபவர் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் கடலை வியாபாரிகள் ஒரு குடியிருப்பாகவே ஊன்றினார்கள். தெருத்தெருவாகச் சுற்றும் பிழைப்புக்கு அங்கே இடமில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் கடலையை மலாய்க்காரரும் சீனரும் வாங்குவார்கள், தினமும் வாங்குவார்கள். பச்சை ஒரு பெண்ணுக்கு ஆயுளில் ஓரிரு முறை. அதை நம்பிப் பிழைப்பவளுக்கு ஊர் ஊராகப் புதிய சிறுமிகள் வேண்டும். 1931 கணக்கெடுப்பின்போதுகூட மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. தமிழகத்துக் கிராமத்தில் அறுவடை முடிந்ததும் களத்து நெல்லைக் கூலியாக வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கலாம். தோட்டத்தில் களமும் இல்லை, நெல்லும் இல்லை. மாதச் சம்பளமும், கிராணி என்னும் எழுத்தர் வைத்திருந்த செக்ரோல் பதிவேடும்தான். வெளியாள் லயத்துக்குள், அதாவது தொழிலாளர் குடியிருப்புக்குள், நுழைவதற்கும் தோட்ட மேலாளரான துரையின் அனுமதி வேண்டும்.

இதைவிடக் கொடுமையான தடை தமிழகக் கரையிலேயே இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டு, குறவர்களில் பல பிரிவினர் அதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்டார்கள். காவல் நிலையத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ரப்பருக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் போன அதே ஆண்டுகளில், அந்த ஆட்களின் கையில் கோலம் போட்டவர்களைச் சட்டம் கட்டிப்போட்டது. ஒரே ஏகாதிபத்தியம் ஒருவரைக் கப்பலில் ஏற்றி, இன்னொருவரைப் பக்கத்துத் தாலுகாவுக்கும் விடாமல் தடுத்திருக்கிறது. பச்சையின் வரலாற்றை எழுதுபவர்கள் இதைச் சேர்த்து எழுதாதது எனக்கு வருத்தம் தருகிறது.

பிறகு அந்த ஒரு வாரக் கடலும் அடைபட்டது. 1938-இல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது. அடுத்து ஜப்பானியர் ஆட்சி. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அடையாள அட்டை, ஊரடங்கு, முள்வேலிக்குள் நகர்த்தப்பட்ட லயங்கள் எல்லாம் கூடவே வந்தன. 1953-இல் குடிநுழைவுச் சட்டமும் இறுகியது. ஊருக்குப் போய்க் குத்திக்கொள்ளலாம் என்றிருந்த பெண்களுக்கு ஊரும் இல்லை, தோட்டத்தில் குத்துபவளும் இல்லை. வழக்கம் ஒரே தலைமுறையில் அறுந்ததற்கு இது போதும்.

சீர்திருத்தம்தான் ஒழித்தது என்பாரும் உண்டு. பெரியார் 1929 டிசம்பரில் ஈப்போ வரை வந்தார். தோட்டப்புறத்தில் அவர் தாக்கம் பெரியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே இயக்கத்தின் வழிவந்த கட்சிகளின் தொண்டர்கள் தமிழ்நாட்டில் தலைவர் பெயரையும் கட்சிச் சின்னத்தையும் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். குத்த ஆள் இருந்த இடத்தில் வழக்கம் உருவம் மாறிப் பிழைத்தது. மெஷின் மீதும் பழி போட வேண்டாம்: சாமுவேல் ஓ’ரெய்லி 1891-இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற கருவியின் வழித்தோன்றல்கள் ஈப்போவுக்குள் நுழைந்தபோது, எதிர்த்து நிற்க அங்கே கையூசி எதுவும் இல்லை.

சிறுமிகளைக் கேட்காமல் குத்திய வழக்கம் போனதற்கு ஏன் வருந்த வேண்டும் என்பது கடினமான கேள்வி. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துக் குத்தியதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அது நின்றபோதும் அவர்களை யாரும் கேட்கவில்லை. கங்காணி தன் ஊர்க்காரர்களையே அழைத்து வந்ததால், ஒரு கையிலுள்ள கோலத்தின் வகையைத் தமிழக வட்டாரக் கோலங்களோடு ஒப்பிட்டால், ஒரு குடும்பம் புறப்பட்ட பகுதியை ஓரளவு ஊகிக்க இடமுண்டு. பல குடும்பங்களில் ஊர்ப் பெயரே மறந்துபோன நிலையில் இது சின்ன விஷயம் அல்ல. தைப்பிங்கிலும் பத்து காஜாவிலும் சுங்கை சிப்புட்டிலும் அப்படிக் கையுள்ள மூதாட்டிகள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அந்தக் கோடுகளைப் படியெடுத்து, எந்த வயதில் எந்த ஊரில் யார் குத்தினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்கும் வேலையைத் தமிழ்ப்பள்ளிகளே தொடங்கலாம்.